அத்தாவுக்கு மிஞ்சிய மொழி

அன்பு மகன் காஷிஃபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகளும் பேத்தி சிம்ராவும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கையேந்தியபடி அம்மா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தா போனில் நன்றாகத்தானே பேசுகிறார், நீ ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டாய். உன்னோடு எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவார், அதனால் உனக்குத் தெரியவில்லை. எனக்கும் போனில் சொல்ல வாய் வரவில்லை.

போன மாதம் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவரிடம் சோறு போடட்டுமா என்று கேட்டேன், இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பாண்டி பஜாரில் இங்கிலீஷ் கிளாஸ் நடத்தியவர் வீட்டையும் கிளாஸாக்கி, நீ தமிழில் கேட்டால் தண்ணீர்கூட எடுத்துத் தரமாட்டாரே, அந்தப் பழைய வம்பைப் லீவில் பேத்தி வரப்போகும் குஷியில் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டேன். மறுநாளும் அப்படியே. ஏங்க என்று கூப்பிட்டால், நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் இது வம்பில்லை என்று தெரிந்தது. கீழே செல்போன் கடை வைத்திருக்கும் இனாயத், அத்தாவிடம் படித்தவன், அவன்தான் அடையாறில் டாக்டரிடம் கூட்டிப்போனான். மூளையில் ரத்தம் அடைத்திருக்கிறதாம், தமிழ் போய்விட்டதாம், இங்கிலீஷ் நிற்கிறதாம், சில முகங்களும் போயிருக்கலாம், திரும்பி வந்தாலும் வரும் என்றார். முதல் நாளே வந்திருக்கலாமே என்றும் சொன்னார்.

அந்த இங்கிலீஷை நான் எப்படித் திட்டுவேன். அதுதான் உன்னை அவ்வளவு தூரம் கொண்டுபோய் உட்கார வைத்தது, அது இல்லாவிட்டால் இன்று அவர் வாயில் ஒரு சொல்லும் இருந்திருக்காது. சிம்ராவோடு வீடியோவில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார், அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவள் பேச்சு புரியாது, பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். போனை வைத்ததும் வீடு வேறு யாருடைய வீடோ ஆகிவிடுகிறது. டீ கொடுத்தால் எழுந்து நின்று தேங்க்யூ மேடம் என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. பயமாக இருக்கிறது காஷிஃப். பகலெல்லாம் ஜன்னலில் நின்று கச்சேரி ரோட்டையே பார்க்கிறார். ஏன் என்று இனாயத்தைக் கேட்கச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சார் அவரு சம்சாரம் வெளிய போயிருக்காங்கன்னு சொல்றாரும்மா. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதாம், வழி தப்பிட்டா யாராண்ட கேப்பாங்கன்னு பாத்துக்கினு கீறாராம்."

இனாயத்திடம் ஒரு வரி கற்றுக்கொண்டு நேற்று அவர் முன்னால் போய் நின்றேன். ஐ ஆம் ஜைதூன் என்றேன். மரியாதையாகச் சிரித்தார். நல்ல பெயர், என் மனைவி பெயரும் அதுதான் என்றாராம், கூட நின்ற இனாயத் சொன்னான். மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டார்.

லீவு கிடைத்ததும் சிம்ராவைக் கூட்டி வா. என்னைக் காட்டி, ஜைதூன் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று அவள் வாயால் சொல்லட்டும், அவள் சொன்னால் நம்புவார். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. உங்கள் மூவரையும் ரப்பு கண்போலக் காப்பானாக. அதுவரை, அம்மா எங்கே என்று அத்தா போனில் உன்னிடம் கேட்டால், வழியில் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லி வை.

உன் அம்மா,
ஜைதூன் பீ
மயிலாப்பூர்