மஞ்சள் பால்

இலஞ்சி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள கௌரி,

அங்கே முகாமில் பனியும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே நல்ல சாரல். ஐந்தருவிக்குப் போகிற கார்கள் நகராமல் நிற்கின்றன. என் கற்றாழை ஜூஸ் கடை மட்டும் ஒன்பது நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. காரணத்தை போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உனக்கு சிக்னல் வரும்போது வரட்டும்.

பண்பொழி மலைப்படியில் உன் அப்பா கால் வழுக்கி விழுந்தார் என்றுதானே உன்னிடம் சொன்னார்கள்? அப்படிச் சொல்லச் சொன்னது அப்பாதான். அவர் வழுக்கவில்லை, மயங்கினார். தென்காசி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஐசியுவில் இருந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏகமாகக் குறைந்து நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. வயிற்றுப்போக்கு ஆகிற அளவுக்கு என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது உன் அம்மா என்னைப் பார்த்தார்கள். என் கடைக் கற்றாழை ஜூஸ் என்று நான்தான் சொன்னேன்.

வெட்டிய கற்றாழை மடலை அரை மணி நேரம் சாய்த்து நிறுத்தி மஞ்சள் பாலை வடியவிட வேண்டும். பிறகு தோலைச் சீவி, சோற்றை வழவழப்புப் போகக் கழுவ வேண்டும். சீசன் கூட்டத்தில் எனக்கு ஏது அரை மணி? மேலாகச் சீவி அப்படியே மிக்ஸியில் போட்டேன். அப்பாவுக்கு ஆண்டுக்கணக்கில் மலச்சிக்கல். முதல் நாள் குடித்ததும் வயிறு லேசானது என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்திரண்டு நாள், காலையில் வெறும் வயிற்றில், என் கையால் கொடுத்தேன்.

அந்த மஞ்சள் பால் பேதி மருந்து மாதிரி என்றார் டாக்டர். பிரஷருக்கு அவர் போடும் நீர் மாத்திரை ஏற்கெனவே அந்தப் பொட்டாசியம் உப்பை இறக்குமாம், இது மிச்சத்தையும் இறக்கிவிட்டது. உள்ளே இருக்கிற சோறு தீப்புண்ணுக்குத் தடவ நல்லதுதானாம். சர்க்கரைக்கு ஏதோ பலன் இருக்கலாம் என்று ஆராய்கிறார்களாம், ஆனால் அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது என்றார். கடை போர்டில் நான் என்ன எழுதி வைத்திருந்தேன் தெரியுமா? ‘சர்க்கரை, பிரஷர் அடியோடு போகும்.’ கௌரி, அதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. பக்கத்துக் கடை போர்டைப் பார்த்து, ‘அடியோடு’ என்பதை மட்டும் நானாகச் சேர்த்தேன்.

இனிதான் உன்னிடம் சொல்ல வேண்டியது. அப்பா வீடு திரும்பியதிலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஒரு மாத்திரையும் போடுவதில்லை. மாத்திரைதான் தன்னைத் தள்ளியது என்கிறார். நான் பிடுங்கி எறிந்த கற்றாழைக் கன்றுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் நட்டிருக்கிறார். அவற்றில் இருந்த பெரிய மடல்களைத் தினமும் அறுத்துக் குடிக்கிறார். இன்று காலை சர்க்கரை முந்நூற்றுப் பத்து. கால் வீங்கியிருக்கிறது.

நேற்று அவர் காலைப் பிடித்து, போர்டில் எழுதியது பொய் என்று சொன்னேன். அவர் சிரித்தார். “ஏலே, டாக்டரு உன்ன நல்லா மிரட்டிட்டாரு போல. சின்ன வயசுல இருந்து பாக்குதேன், நீ பொய் சொல்லுத பயலால? போய் கடையத் தொறலே” என்றார். உன் அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தார்கள்.

டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, நான் சொல்லியும் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார். இதைப் படித்ததும் போன் போடு. பதமாகப் பேசாதே. நாசர் ஒரு ஃபிராடு, வியாபாரத்துக்காக உங்களை ஏமாற்றினான், இனி அவனை வீட்டுக்குள் விடாதீர்கள் என்று சொல். அவர் என்னை நம்புகிறவரை மாத்திரையைத் தொட மாட்டார், கௌரி.

நீ அதை மனதாரவே சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. அப்பா மாத்திரை போட்டுவிட்டார் என்று மட்டும் யாராவது எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஐந்து வேளையும் அவருக்காகத்தான் துஆ கேட்கிறேன். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், உன்னையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்,
நாசர்