இரண்டு வாளி மீன்

ஊரிகம்,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

என் மகள் வயிற்றுப் பேரன் கிளமெண்ட்டுக்கு, கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பயத்தோடு உன் ஆயா பாக்கியவதி எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். நெற்றியில் நாலு தையல், அவ்வளவுதான். என் போனைப் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் காகிதம். உன் தங்கச்சி கரோலின் இதை வேலைக்குப் போகும் ரயிலில் பெங்களூருக்குக் கொண்டுபோய் உன் சிநேகிதன் கையில் கொடுப்பாள், அவன் உன்னிடம் சேர்ப்பான். நீ மங்களூர்ப் பக்கம் இருப்பதாக மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அஞ்சாங்கிளாஸ் படித்தவள் எழுதியது, தப்பு இருந்தால் இருக்கட்டும். ஆனால் பாதியில் கிழித்துப் போடாதே.

பக்கத்து வீட்டு மாணிக்கராஜ் சாகவில்லை. அதை முதலில் தெரிந்துகொள். கோலார் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் நினைவில்லாமல் கிடந்தான். ஒன்பதாம் நாள் தண்ணீர் கேட்டானாம். வலது கண் போய்விட்டது. வலது கையில் மூன்று விரல் மடங்காது. அந்தக் கையால்தான் அவன் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான்.

நீ ஓடின அரை மணி நேரத்தில் அவன் தம்பி ஏனோக் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மீன் தொட்டியைக் கடப்பாரையால் குத்தி உடைத்தார்கள். பைப்பெல்லாம் வெட்டினார்கள். நீ பலகை அடித்து, ஜல்லி பரப்பி, மீன் தண்ணீரையே பாய்ச்சி, ஒரு மாசம் காத்திருந்து வளர்த்த பாலக்குக் கீரையைக் காலால் துவைத்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செங்கல் வந்து நெற்றியில் விழுந்தது. "உன் பேரன் தலைய இந்தத் தொட்டியிலயே முக்கி எடுக்கறேன் பாரு கெழவி" என்று ஏனோக் கத்தினான். சும்மா சொல்லவில்லை. தினமும் சாயங்கால ரயில் வரும் நேரத்துக்கு, பேப்பரில் சுற்றிய வெட்டுக்கத்தியோடு ரயில் ஸ்டேஷனில் போய் உட்காருகிறான். இங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

மாணிக்கராஜ் உன்னிடம் அடி வாங்கினது நியாயம்தான் என்றே முதல் நாலு நாள் நானும் இருந்தேன். மீனைக் கொன்றவனுக்கு விழுந்தது என்று நினைத்தேன். உன்னைப் பற்றி விசாரிக்க வந்த பாஸ்டர் ஐயாவிடமும் நெஞ்சை நிமிர்த்தி அப்படியே சொன்னேன்.

இனி எழுதப்போவதைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படி.

நீ என்னிடம் என்ன சொல்லிவிட்டு வேலைக்குப் போவாய்? "ஆயா, என்னைக் கேக்காம தொட்டிக்குள்ளயோ பாத்திக்குள்ளயோ ஒரு கல்லு கூடப் போடக் கூடாது." எனக்கு அது சுருக்கென்று இருக்கும். தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்து, சோதனை மருந்து நாலு சொட்டு விட்டு, அது மாறுகிற நிறத்தை நோட்டில் தினமும் எழுதினது நான். மஞ்சள் என்றால் நல்லது, பச்சைக்குத் திரும்பினால் மீனுக்கு ஆபத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாணிக்கராஜ் கூட மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னா ஆயா, மீனுங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துட்டியா? எவனாவது லீவா?" என்று கேலி செய்வான். அப்படிப்பட்ட என்னையா நீ சின்னப் பிள்ளை மாதிரி மிரட்டுவது என்று இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நீ வருவதற்குள் புதினாவுக்கு ஒரு புதுப் பாத்தி போட்டு உன் வாயை அடைக்க நினைத்தேன். ஜல்லி போதவில்லை. சயனைடு மேட்டிலிருந்து இரண்டு கூடை மண் அள்ளி வந்தேன். சுரங்கக் கம்பெனிக்காரர்கள் சயனைடு விட்டுத் தங்கத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போன மண். மாவு மாதிரி இருந்தது, ஒரு களை இல்லை, ஒரு பூச்சி இல்லை. எவ்வளவு சுத்தம் என்று நினைத்தேன் கிளமெண்ட்! எழுபத்தொரு வருஷமாக அந்த மேட்டைப் பார்க்கிறேன். அங்கே புல் முளைக்காதது ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. சின்ன வயதில் அந்த மண்ணில் பாத்திரம் தேய்த்தவள்தானே, எனக்கு என்ன ஆயிற்று என்று இருந்துவிட்டேன். ஜல்லிக்கு அடியில் பரப்பி, மேலே ஜல்லியால் மூடி, மோட்டாரைப் போட்டேன். தொட்டித் தண்ணீர் பாத்திக்கு ஏறி, அந்த மண் வழியாகத் திரும்பத் தொட்டிக்கே இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து நாம் வந்தபோது நாற்பது மீனும் வயிறு காட்டி மிதந்தது உனக்குத் தெரியும். மதிலோரம் காலி பினாயில் டப்பா கிடந்ததும் தெரியும். மாணிக்கராஜ் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டான் என்று நாம் நினைத்தோம். அது அவன் தன் வீட்டுச் சாக்கடைக்கு ஊற்றியது. அவன் எட்டிப் பார்த்து, "இன்னா ஆயா, இன்னிக்கு ஊருக்கே மீன் கொழம்பா?" என்று சிரித்தான். செத்துப் போனதென்று தெரியாமல் சிரித்திருக்கிறான். நீ அழுவதைப் பார்த்து மதிலேறி நம் பக்கம் இறங்கினான்.

நீ அழுதுகொண்டுதான் நின்றாய். உன்னை ஏவினது நான். உன் தாத்தா சுரங்க ஷாஃப்டிலிருந்து கொண்டுவந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த பாறை துளைக்கிற கம்பியை எடுத்து உன் கையில் கொடுத்து, "ஊட்ல ஆம்பள இருக்கானான்னு அவனுக்குக் காட்டுடா" என்றேன். முதல் அடி தோளில் விழுந்தது. தடுக்கத் தூக்கின கையில் இரண்டாவது. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மூன்றாவதும் விழுந்தது, கண்ணோரமாகத் தலையில். அவன் நம் தொட்டியின் மேலேயே சாய்ந்து, செத்த மீன்களுக்கு நடுவில் முகத்தை வைத்துக் கிடந்தான். தண்ணீர் சிவந்தது. அவன் பெண்டாட்டி ஐடா ஓடி வந்து உன் சட்டையைக் கிழித்தாள். நான் அவள் மயிரைப் பிடித்து இழுத்தேன். இதெல்லாம் நான்தான்.

ஐந்தாம் நாள், உடைந்த பாத்தியைச் சுத்தம் செய்யும்போது அந்த மண் கையில் பட்டது. மீனைக் கொன்றது இதுதானோ என்று தோன்றியது. கரோலினிடம் சொல்லி பங்காருப்பேட்டையிலிருந்து நாலு ஜிலேபி மீன் குஞ்சு வாங்கி வரச் சொன்னேன். இரண்டு வாளியில் ஒரே குழாய்த் தண்ணீர். ஒன்றில் மட்டும் இரண்டு கை மேட்டு மண். வாளிக்கு இரண்டு மீன். காலை எட்டு மணிக்கு விட்டேன். நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். பத்தரைக்கு ஒன்று சாய்ந்து நீந்தியது. பன்னிரண்டுக்குள் இரண்டும் செத்தன. மற்ற வாளியில் இரண்டும் வாலாட்டிக்கொண்டிருந்தன.

நோட்டில் எழுதிவைத்தேன்.

செத்த இரண்டையும் அந்த மண்ணோடு ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் ஐடாவிடம் திறந்து காட்டிச் சொன்னேன். அறைந்தாள். நான் நகரவில்லை. செருப்பைக் கழற்றி அடித்தாள், தையல் பிரிந்து ரத்தம் வந்தது. நர்ஸ் வந்து பிடித்துக்கொண்டாள். அப்போது ஐடா கத்தினதை அப்படியே எழுதுகிறேன்: "அன்னிக்கு நீங்க கல்யாணத்துக்குப் போனப்ப மத்தியானம் பூரா கரண்ட் இல்ல. மீனு வாயப் பொளந்துக்கினு கெடந்துச்சு. மதிலேறிக் குதிச்சு, மூணு மணி நேரம், தண்ணில காத்து கலக்கட்டும்னு, சொம்புல மொண்டு மொண்டு ஊத்தினு இருந்தாரு அந்த ஆளு. உன்கிட்ட சொன்னா நீ திட்டுவன்னு சொல்லவே இல்ல."

கோரமண்டலில் நாம் போன கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வந்து, மோட்டார் நின்றும் மீன் பிழைத்ததே என்று நம்முடைய மீனின் பெருமையைத் தெரு முழுக்கச் சொன்னேனே, அன்றைக்குத்தான்.

கிளமெண்ட், நீ திரும்பி வர வேண்டும். ஒளிந்திருந்தால் ஏனோக் ஒரு நாள் உன்னைக் கண்டுபிடிப்பான். அப்புறம் அவனும் ஜெயிலுக்குப் போவான். ரயிலில் வராதே, பஸ்ஸில் நேராகக் கோலாருக்கு வா. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட் வாசலில் வக்கீல் விநாயக் சாரோடு நான் நிற்பேன். கம்பியைக் கொடுத்தது நான், ஏவினது நான், மண் போட்டதும் நான் என்று நேற்றே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வயசைப் பார்த்து வேண்டாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. உனக்குத் தண்டனை குறையும் என்று பொய் ஆசை காட்ட மாட்டேன். ஓங்கினது உன் கைதான். அதை நீ சொல்ல வேண்டும், என்னுடையதை நான் சொல்வேன்.

பிழைத்த அந்த இரண்டு மீனும் வாளியில், காற்று விடுகிற ஒரு சின்ன மோட்டாரோடு இருக்கின்றன. நேற்றும் கரண்ட் போயிற்று. சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன், தோள் விட்டுப்போகிறது. மூன்று மணி நேரம் அவன் எப்படி நின்றானோ.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போவாயே, அன்றைக்கு நீ கழற்றிப் போட்டுவிட்டு ஓடின அந்த வெள்ளைச் சட்டையை இந்தக் காகிதத்தோடு கரோலினிடம் கொடுத்திருக்கிறேன். கிழிந்த இடத்தைத் தைத்துவிட்டேன், கறை முழுசாகப் போகவில்லை. அதையே போட்டுக்கொண்டு வா ராஜா. கர்த்தர் உன்னை வழி முழுக்கக் காப்பாற்றட்டும், வாசலில் என்னிடம் சேர்க்கட்டும். அதற்குப் பிறகு நடப்பதை நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்வோம்.

உன் ஆயா,
பாக்கியவதி