எர்லிந்தாவுக்காக வாசிக்காமல் போன சேதி

ஆச்சாவோ, ஜூலை மாதம், ஞாயிறு

அன்பு மகள் மரிசெலுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம்தான். சுரங்கத்தில் இரவு வேலை முடிந்துவிட்டதா, பகலில் ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று அம்மா கேட்கிறாள், அதற்கு முதலில் பதில் எழுது. இங்கே விடாத மழை, கூரைத் தகடு ஒன்று பறந்துவிட்டது, நல்லவேளை விறகு காய்ந்ததாக இருக்கிறது. உடம்பு சுகம் என்றேன், மனசைப் பற்றி அப்படி எழுத வரவில்லை. பிறர் வாயால் நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் நடத்துகிற வானொலி நிலையத்துக் கம்ப்யூட்டரை மாற்று என்று கோடையிலேயே சொன்னாய். ஹார்டு டிஸ்க் கரகரக்கிறது, உள்ளே எதுவும் சுழலாத புது வகை வந்துவிட்டது என்றாய். நான்தான், பொறு, நம் பழைய ஒலி அட்டை புதியதில் பொருந்தாது, அடுத்த வருஷம் இதைவிட நல்லது வரும் என்று தட்டிக்கழித்தேன். அறிவிப்பாளர் நெல்தாவும் கெஞ்சிப் பார்த்தாள். "புதுப் பெட்டி வந்தா உன் குரல் இனிச்சிருமாக்கும்" என்று எல்லார் முன்னாலும் கேலி பேசினேன். அதற்குப் பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

போன செவ்வாய் மதியம், கைபேசி எட்டாத தீவுகளுக்குச் சேதி வாசிக்கிற நேரம் பார்த்து டிஸ்க் நின்றுவிட்டது. ஜனங்கள் சொல்லிவைத்த சேதியெல்லாம் அதற்குள். காகிதத்தில் எழுதிவைக்கும் வழக்கத்தை நிறுத்தியதும் நான்தான். நெல்தா நினைவில் இருந்ததைச் சொன்னாள், ஒன்று விட்டுப்போயிற்று. ஆபரேஷன் முடிந்த எர்லிந்தா அன்று படகுத்துறைக்கு வருகிறாள், புருஷன் எலியோதோரோ தீவிலிருந்து படகு கொண்டுவர வேண்டும் என்ற சேதி அது. அந்த மனுஷர் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், தன் பெயர் வரவில்லை என்று உருளைக்கிழங்கு மூட்டை கட்டப் போய்விட்டார். அவள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை மழையில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மீன் விற்கிற ஒருத்தி தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் அடுப்பருகே படுக்க வைத்தாளாம்.

விஷயம் தெரிந்து மறுநாள் நானே படகு பிடித்து அவளைக் கொண்டுபோய் விட்டேன். பாதி வழியில் மன்னிப்புக் கேட்டேன். எர்லிந்தா தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மழை என்ன, நாம நனையாத மழையா? அந்த மனுஷன் வரலைன்னு உள்ளுக்குள்ள அவரை என்னென்னமோ திட்டிட்டேன். கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அப்படித் திட்டினதில்ல. அத அவருகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" எங்கள் படகைக் கண்டு எலியோதோரோ முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தார். நான் முந்திக்கொண்டு, தப்பு என்னுடையது, உங்களுக்குச் சேதியே வரவில்லை என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை புது மெஷின் வந்தது. பழைய அட்டை பொருந்தவில்லை, நெல்தா வேறொன்று வாங்கி மாட்டினாள். பார்த்தாயா, அதில் நான் சொன்னது சரிதானே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். நேற்று நானே மைக் முன்னால் உட்கார்ந்து நடந்ததை மறைக்காமல் சொல்லி, நெல்தாவிடம் பேசிய கேலிக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவள், சரி, அடுத்த சேதிக்குப் போகலாம் என்றாள்.

மாதா உன்னைக் காப்பாள் மகளே. அம்மா அனுப்பிய புகைபோட்ட மட்டியைச் சீக்கிரம் சாப்பிட்டுவிடு, அந்தப் பாலைவன வெயிலில் தாங்காது. ஒன்று மட்டும் மறக்காதே, யாராவது இதைப் பேசினால் அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று எனக்குப் பரிந்து பேசாதே. வயசால் நடந்ததல்ல.

உன் அப்பா,
ஓஸ்வால்தோ