M47-க்கு ஒரு பெயர்

ஜூலை 21, திங்கள்
காலையிலேயே வெயில். படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு அரை மணி நேரம். செருப்பு வார் அறுந்தது. ஊக்கு போட்டுச் சமாளித்தேன்.

ஆலையில் எனக்கு ஒரு புது வேலை கொடுத்தார்கள். தகடு அடிக்கும் பிரஸ் மெஷினை ஓட்டும் புரோகிராம், முப்பத்தொரு தாள். ஏணி ஏணியாகக் கோடுகள், பக்கத்தில் X4, Y2, M47. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. எது எதுவென்று எலக்ட்ரீஷியன் முனுசாமிக்கு மட்டும் தெரியும். மெஷின் நின்றால் ஆலை முழுக்க அவரைத் தேடும்.

மானேஜர்: "எல்லாத்துக்கும் பேர் வெச்சிடும்மா. யார் வேணா படிக்கலாம். அப்புறம் முனுசாமிக்கு காண்ட்ராக்ட் நீட்ட வேண்டியதில்ல."

சனிக்குள் முடிக்க வேண்டும். எனக்குப் பிடித்த வேலை. குறிகளோடு எனக்கு என்றுமே ஒத்துப்போனதில்லை. 'கதவு மூடியிருந்தால் இறங்கு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஜூலை 22, செவ்வாய்
வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகும் கூட்டம். ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தேன்.

முனுசாமி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல டைப் செய்தேன். மண்ணூர்க்காரர், முப்பது வயதிருக்கும். X4, கம்பிக் கதவு. X6, எண்ணெய் அழுத்தம். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை.

"வார்த்தையா இருந்தாதாண்ணே படிக்க வசதி" என்றேன்.

"இன்னா வசதி மேடம்? படிச்சிக்கினே இருந்தா ஷிப்டு முடிஞ்சிடும். இங்க பாரு." கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "கரண்டு இப்டி வருது, இங்க நிக்குது. கண்ணாலயே தெரியுது."

தெரியத்தான் செய்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு தொல்லை. சாஃப்ட்வேரில் ஒரு பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம், அதுவும் ஆங்கிலத்தில். 'எண்ணெய் அழுத்தம் சரி' = OILPRSOK. ஏதோ வெளிநாட்டு ஊர் மாதிரி. இதற்கு X6 தேவலை.

ஹாஸ்டலில் மறுபடி முள்ளங்கி சாம்பார்.

ஜூலை 24, வியாழன்
எல்லாம் முடிந்தது, M47 தவிர. அங்கே வந்ததும் முனுசாமி கோட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"என்னண்ணே, மறந்துபோச்சா?"

"மறக்கல. இத்த மட்டும் கேக்காத மேடம். மத்ததெல்லாம் குடுத்துட்டன். முப்பத்தொண்ணாந் தேதி வூட்டுக்கு அனுப்பப் போறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

தெரிந்தேதான் மூன்று நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. வேலை நிற்கிறதே என்று எரிச்சலும்.

ஜூலை 25, வெள்ளி
பிரஸ்ஸில் அச்சு மாற்றினார்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். M47 எரிந்தது. பிரஸ் மூன்று முறை மெதுவாக இறங்கி அடித்தது, பிறகு M47 அணைந்து வழக்கமான வேகம்.

இவ்வளவுதானா! புது அச்சு மாட்டினால் முதல் மூன்று அடி மெதுவாக. SLOW என்று போட்டால் தீர்ந்தது.

டைப் செய்தேன். அழித்தேன்.

வாங்க: செருப்பு, ஷாம்பு பாக்கெட். அம்மாவுக்கு போன்.

ஜூலை 26, சனி
தூறல். பட்டியலைக் கொடுத்தேன். மானேஜரின் விரல் ஒரு வரியில் நின்றது.

"M47-க்கு MUNUSAMYனு போட்டிருக்கியே. என்னம்மா இது?"

"அது என்னன்னு அவருக்குத்தான் தெரியும் சார். நின்னுச்சுன்னா அவரைத்தான் கேக்கணும்."

இந்த வேலையில் என் முதல் பொய். மானேஜர் போனை எடுத்து, முனுசாமிக்கு மூன்று மாதம் நீட்டச் சொன்னார். மூன்றே மாதம். அதற்குப் பிறகு என்ன ஆகுமோ, தெரியாது.

மதியம் மு. வந்தார். திரையில் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னா மேடம், என் பேரு கீது?"

"எட்டு எழுத்துதாண்ணே இடம். உங்க பேரு சரியா உக்காந்துச்சு."

கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே M47 வரை வந்தார். அங்கே நிறுத்தினார்.

"கண்டுபுடிச்சிட்ட தானே?"

"இல்லண்ணே" என்றேன்.