காலில் பச்சைக் கொடி

ஏப்ரல் 2, புதன்

விடியும்போதே புழுக்கம். கடற்காற்று இல்லை. பெருநாளுக்குப் பின் வைக்கும் ஆறு நோன்பில் முதலாவது இன்று.

பெருநாள் முடிந்து மெடிக்கல் திறந்த முதல் நாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. எல்லாம் பிரியாணி செய்த வேலை.

செய்ய வேண்டியவை: ஸ்கூட்டிக்குக் காற்று. இன்சுலின் ஆர்டர். பைனாகுலர் வார் தைக்க.

மதியம் உப்பளத்தில் வேலை செய்யும் பச்சையம்மாக்கா. முட்டி வலி, பாதத்தில் வெடிப்பு. படிக்கத் தெரியாது. அதனால் மாத்திரைக் கவரில் சூரியன் ஒன்று, பிறை ஒன்று வரைந்து கொடுத்தேன். காலைக்கு, ராத்திரிக்கு. எல்லோருக்கும் இப்படித்தான். ஞாயிறுகளில் நான் பைனாகுலரும் கையுமாக வரப்பில் நிற்பதைப் பார்த்திருக்கிறார், அதனால் எனக்கு ஒரு சேதி கொண்டுவந்திருந்தார்.

"ஏம்மா, எங்க பாத்தியில ஒரு குருவி வருது. கரண்டி மூக்கு."

"அது கரண்டிவாயன்க்கா. கழுவேலி ஏரியில கூட்டமா நிக்குமே."

"அது கொக்கு ஒசரம் இருக்கும்மா. நா சொல்றது..."

பின்னால் நான்கு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு. சரிக்கா, பாக்குறேன் என்று ஆயின்மென்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதத்துக்குள் கரண்டிவாயனைக் 'கண்டுபிடித்துச்' சொன்னவர்களில் இவர் மூன்றாவது. நான் பறவை பார்ப்பேன் என்று ஊருக்குத் தெரிந்ததுதான் தப்பு.

ஏப்ரல் 6, ஞாயிறு

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு நேரே உப்பளம். வரிசையாக எழுத வேண்டும்.

பவளக்காலி, உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான், எல்லாம் வழக்கம் போல. கொசு உள்ளான் நூற்றுக்கு மேல். வடக்கே கிளம்பும் அவசரத்தில் தின்றுகொண்டே இருக்கின்றன.

7.20. பச்சையம்மாக்கா வேலை செய்யும் பாத்தி. கொசு உள்ளான்களுக்கு நடுவே அதே அளவில் ஒன்று. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. நேராக என் பக்கம் திரும்பியது. அலகு நுனி சப்பை. சின்னக் கரண்டி. முகத்தில் செம்மண் நிறம் ஏற ஆரம்பித்திருக்கிறது. காலில் எலுமிச்சைப் பச்சையில் கொடி, அதாவது ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிவிடும் பிளாஸ்டிக் பட்டை. அதில் ஏதோ எழுத்து.

கரண்டிமூக்கு உள்ளான்! உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். அது நம் மரக்காணத்தில், உப்புச் சேற்றில். அழுதேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

பக்கத்துப் பாத்தியிலிருந்து பச்சையம்மாக்கா, "பாத்தியாம்மா?" என்றார். கையை மட்டும் ஆட்டினேன். போனை பைனாகுலரில் ஒட்டவைத்து வரப்பில் இரண்டு அடி எடுத்து வைத்தேன். மொத்தக் கூட்டமும் எழும்பிப் போனது. படம் பதினொன்று. எட்டில் வானம். இரண்டில் என் கட்டைவிரல். ஒன்றில் புள்ளி.

புள்ளியைத்தான் பறவைப் பதிவு ஆப்பில் ஏற்றினேன். பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். பதினோரு மணிக்கு, ஆப்பில் பதிவுகளைச் சரிபார்ப்பவரிடமிருந்து பதில்:

"சார், அலகில் சேறு ஒட்டிய கொசு உள்ளானாக இருக்கலாம். படம் தெளிவில்லை. ஏற்க இயலாது."

சார்! கணக்கில் 'ஷம்சு' என்று மட்டும் போட்டது என் குற்றம். திருத்தப்போனால் அது தனிக் கதை ஆகிவிடும். போன வருடம் நான் அபூர்வம் என்று அறிவித்த கடற்காகம், இறக்கையில் ஆயில் கறை பட்ட சாதாரணக் கடற்காகம். அது அவருக்கு மறக்காது. குழுவுக்கும் மறக்காது. யாரோ சிரிக்கும் பொம்மை ஒன்று போட்டிருக்கிறார்.

இந்த முறை தோற்கக் கூடாது. தோற்றால் இனி நான் எதைப் பார்த்தாலும் சேறுதான்.

ஏப்ரல் 7, திங்கள்

வெயில். தலைவலி. பெருநாளுக்கு வாங்கிய செருப்பு கடிக்கிறது.

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போன். எல்லாம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "போட்டோ எடுத்தியா?" பைனாகுலர் வாங்கி அனுப்பியது இவர்தான். கூடவே ஒரு கேமராவும் அனுப்பியிருந்தால் இப்போது இந்தக் கேள்வி கேட்கலாம்.

சரிபார்ப்பவருக்கு நான்கு பத்தி எழுதினேன். எடை, நிறம், நடை, அலகு எல்லாம். (எடையை எப்படிப் பார்த்தேன்? கோபத்தில் எழுதியது.) பதில் ஒரே வரி: "தெளிவான படம், அல்லது கொடியில் உள்ள எழுத்து. இரண்டில் ஒன்று வேண்டும் சார்."

பதினாறு வருடமாக டாக்டர்கள் கையெழுத்தைப் படிக்கிறேன். எறும்பு மையில் விழுந்து நடந்தது போல எழுதினாலும் படித்துவிடுவேன். ஒரு குருவியின் காலில் உள்ள இரண்டு எழுத்தைப் படிக்க முடியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலை ஆறரைக்கே போனேன். எனக்கு முன்னால் ஒரு கார். குழுவில் பார்த்துவிட்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். முழங்கை நீள லென்ஸ், காட்டுப் பச்சைச் சட்டை, உப்பளத்தில்! வெள்ளை வெளேர் என்ற இடத்தில் அவர்கள்தான் ஒரு கிலோமீட்டருக்குத் தெரிந்தார்கள். தொப்பென்று வரப்பில் குதித்து நடந்தார்கள். எல்லாப் பறவையும் பறந்தது. வரப்பு ஓர் இடத்தில் சரிந்து, இரண்டு பாத்தித் தண்ணீர் கலந்தது.

மேஸ்திரி அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் வந்தார். "மெடிக்கல்காரம்மா, ஆளக் கூட்டினு வந்து வரப்ப ஒடைக்கிறீங்களே, நாயமா?"

கிளம்பும்போது பச்சைச் சட்டைகளில் ஒருவர் மற்றவரிடம், "சும்மா கிளப்பி விட்டிருக்காங்கடா." நான் பத்தடியில் நிற்கிறேன். காது கேட்காது என்று நினைப்பு.

பச்சையம்மாக்காவுக்கு ஒரே சிரிப்பு. "நின்னு மொறச்சிப் பாத்தா எந்தக் குருவிதான் நிக்கும்? வேல செய்றவங்கள அது கண்டுக்காது. எங் கால்கிட்டயே மேயும். பலகையப் புடி, தானா வரும்."

என்ன அவமானம். நாளை அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். ஹமீது பாய் (முதலாளி) கேட்டார்: "நோன்போட வெயில்ல குருவி பாக்கப் போறியா? உனக்கே மாத்திரை எடுத்து வச்சிக்கம்மா."

ஏப்ரல் 10, வியாழன்

மூன்றாவது நோன்பு. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். இடுப்பு என்னுடையது இல்லை.

உப்பு வாரும் பலகை தூரத்தில் பார்க்கத்தான் லேசு. தள்ளினால் உப்பு வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. மேஸ்திரி வந்து பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு போனார். அது திட்டியதைவிட மோசம்.

அரை மணி நேரம் தலை நிமிராமல் தள்ளினேன். பச்சையம்மாக்கா மெதுவாக, "திரும்பாத. ஒம் பின்னாடி." ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆறடி. ஆறே அடி! அலகைச் சேற்றில் வைத்துத் தள்ளித் தள்ளிப் போகிறது.

"பாரேன், நம்மளாட்டமே தள்ளிக்கினு போவுது" என்றார்.

போன்? வரப்பில், பையில். மூக்குக் கண்ணாடி? அதே பையில். வியர்வையில் வழுக்குகிறது என்று நானே கழற்றி, நானே பத்திரமாக வைத்தேன். ஆறடி தூரத்தில் ஒரு பச்சை மங்கல். வரப்பை நோக்கி ஓர் அடி வைத்தேன், அது போய்விட்டது. தண்ணீர் குடித்தாவது ஆற்றிக்கொள்ளலாம் என்றால் நோன்பு.

"கால்ல இன்னா எழுத்துக்கா?"

"எனக்கின்னாம்மா தெரியும் எழுத்து."

"அப்ப விடுங்க" என்றேன். சிடுசிடுப்பாகத்தான் சொன்னேன். அவர் உப்பை வாரிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து நான் வீட்டிலிருந்து கடைக்குத் திரும்புவதற்குள் பச்சையம்மாக்கா வந்து, பாயிடம் ஒன்றைக் கொடுத்துப் போயிருக்கிறார். பிரித்துப் பார்த்தேன். நான் கொடுத்த மாத்திரைக் கவர். சூரியனுக்கும் பிறைக்கும் கீழே, பேனாவால் அழுத்தி அழுத்தி இரண்டு உருவம்.

பாய் சொன்னது: "லாரி டிரைவர்கிட்ட பேனா வாங்கி வரஞ்சிதாம். நேத்து நீ போன பின்னால அது திரும்ப வந்துச்சாம். கால்ல இருக்கிறது இதான்னு சொல்லச் சொல்லிச்சி."

இங்கிலீஷ் எழுத்து! எச். டபிள்யூ. கடையிலேயே குதித்தேன். பாய் பிபி மெஷினை எடுக்கப் போய்விட்டார். உடனே அனுப்பினேன்.

ஏப்ரல் 12, சனி

நேற்று சாயங்காலம் தெற்குக் காற்று எடுத்தது. இன்று காலை பாத்தியில் கொசு உள்ளான்கூடப் பத்துதான். மற்றதெல்லாம் கிளம்பிவிட்டது. நம்முடையதும்.

சரிபார்ப்பவர்: "எச் டபிள்யூ என்று எந்தப் பறவைக்கும் கொடி போடவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டேன். யார் படித்தது சார்?"

"உப்பளத்தில் வேலை செய்பவர்."

"அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது. அதனால்தான் நம்புகிறேன். தெரிந்த எழுத்தாக இருந்தால் ஊகித்து எழுதலாம். தெரியாததைப் பார்த்தபடிதான் வரைய முடியும்."

அரை மணி கழித்து: "சார், உங்கள் ஆர்வத்தை மதிக்கிறோம்."

பாராட்டுப் பத்திரம். பள்ளிக்கூடத்தில் ஓடிக் கடைசியாக வந்தவளுக்குக் கொடுப்பார்களே, ஆறுதல் பரிசு, சோப்பு டப்பா. அது.

ஏப்ரல் 13, ஞாயிறு

போகவில்லை. போய் என்ன பார்க்க? துணி துவைத்தேன். மீன் இல்லை. முட்டைக் குழம்பு.

பச்சையம்மாக்கா தப்பாக வரைந்திருப்பார் என்று ஒரு மணி நேரம் நினைத்தேன். பிறகு, நான்தான் பறவையையே தப்பாகப் பார்த்தேனோ என்றும். சேறுதானோ? இதுதான் இவர்கள் செய்கிற வேலை. கண்ணால் பார்த்ததை நாமே சந்தேகப்படும்படி ஆக்கிவிடுகிறார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மத்தியானம் மூன்று மணி. பச்சையம்மாக்கா மாத்திரைக்கு வந்தார். புதுக் கவரில் போட்டுச் சூரியனும் பிறையும் வரைந்து கொடுத்தேன். கையில் வாங்கியதும் கவரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். கடைப் பெயர் தலைகீழ்.

"தலைகீழாப் புடிக்கிறீங்கக்கா."

"நீதாம்மா எப்பவும் தலைகீழா வரையிற. சூரியன் சோத்துக் கைப் பக்கந்தான வரும்? பாத்தியில வடக்கப் பாத்து நின்னா, அந்தப் பக்கந்தான கடலு?"

இத்தனை வருடமாகச் சூரியனை இடப்பக்கம், பிறையை வலப்பக்கம் போட்டுக் கொடுக்கிறேன். இத்தனை வருடமாக அவர் அதைத் திருப்பிவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

டிராயரைத் திறந்து அந்தப் பழைய கவரை எடுத்து, சூரியன் வலப்பக்கம் வரும்படி திருப்பினேன்.

"இதுல நீங்க வரஞ்சது என்னக்கா?"

"மொதல்ல மல. ரெண்டு உச்சி இருக்குது பாரு. பக்கத்துல ஏணி."

எம். எச். கவிழ்ந்த எம்மைத்தான் டபிள்யூ என்று படித்திருக்கிறேன்.

எறும்பு நடந்த எழுத்தையெல்லாம் படிக்கிறவள், தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் மேல் சந்தேகம் வேறு.

அனுப்பினேன். எழுத்துகளை மட்டும். விளக்கம் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

காலை 9.40. சரிபார்ப்பவரே குழுவில் போட்டிருக்கிறார், மூன்று ஆச்சரியக்குறியோடு. எம் எச் உண்மையான கொடி. வடக்கே, பனி உருகும் கரையில், குஞ்சாக இருக்கும்போதே மாட்டியது. மாட்டியதிலிருந்து யார் கண்ணிலும் படவில்லையாம். செத்திருக்கும் என்றே நினைத்திருந்தார்களாம். உயிரோடு இருக்கிறது, மரக்காணத்தில் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது.

"வாழ்த்துகள் சார்! முதலில் பார்த்த தேதியையும் பார்த்தவர் பெயரையும் உறுதி செய்யுங்கள்."

ஏப்ரல் 6, ஷம்சு என்று அடித்துவிட்டேன். அனுப்பவில்லை. முதலில் பச்சையம்மாக்காவுக்குச் சொல்லலாம் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் உப்பளம் போனேன். உப்பு அம்பாரத்து நிழலில் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். குருவி எங்கே பிறந்தது, எவ்வளவு தூரம் பறக்கிறது, எல்லாம் சொன்னேன். மென்றுகொண்டே கேட்டார்.

"செத்துட்டுதுன்னு நெனச்சாங்களா? நல்லாத்தான மேஞ்சிக்கினு இருந்துச்சி."

"ஆறாம் தேதி நான் பாத்தேன்ல, அதான்க்கா மொதல் பதிவு."

"ஆறாந்தேதியா? ஒன்கிட்ட நா வந்து சொன்னது பெருநா முடிஞ்சி நீ கட தொறந்த அன்னிக்கி." டப்பாவை மூடினார். "இத்துனூண்டு குருவிம்மா, மூக்கு மட்டும் கரண்டின்னு சொல்ல வந்தேன். நீதான் ஆயின்மென்ட்ட குடுத்து அனுப்பிட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அதோடு முட்டி வலிக்கு அந்த ஆயின்மென்ட் ஆகவில்லை என்றும் சொன்னார். அது பாத வெடிப்புக்கு. அதையும் நான் சரியாகச் சொல்லவில்லை போல.

கடைக்கு வந்து அடித்ததை அழித்தேன். தேதி: ஏப்ரல் 2. பார்த்தவர்: பச்சையம்மா, உப்பளத் தொழிலாளி. அனுப்பினேன்.

5.15க்குப் பதில்: "சார், ஏப்ரல் 2 அன்று அவர் பார்த்ததற்குச் சாட்சி யாராவது உண்டா?"

எழுதினேன்: "உண்டு. மெடிக்கலில் கவுன்ட்டருக்கு உள்ளே நின்ற பெண். பெயர் ஷம்சுன்னிசா. அவளிடம்தான் சொன்னார். அவள் காது கொடுத்துக் கேட்கவில்லை."