நாற்பத்தொரு நாளுக்கும் பதில் சொன்னேன், மங்களம்

இந்தா, மங்களம்,

நீ இருந்தவரை உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்றாலே திரும்பிப் பார்ப்பாய். இப்போதும் பார்த்துக்கொள். நான் சொல்லச் சொல்ல என் தங்கச்சி எழுதுகிறாள்.

காவிரித் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு தில்லை நகருக்குள் புகுந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அது வடிந்த அடுத்த மாசம்தான் திருவானைக்காவலில் இந்த மனையை உன் பேரில் வாங்கினோம். பத்திர ஆபீசில் நீ அழகாகக் கையெழுத்துப் போட்டாய். எழுதப் படிக்கத் தெரியாத நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த வீடு இப்போது கையை விட்டுப் போகப் பார்க்கிறது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னிடம் சொல்லாமல் அடமானம் வைத்தேன். உன் கையெழுத்தைக் கேட்காமல் என் கைநாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தார்கள். தவணை நின்றதும் கேஸ் போட்டார்கள். ஏலம் விடலாம் என்று தீர்ப்பாகிவிட்டது, நீ கண்ணை மூடிய அதே வாரத்தில்.

நம் பக்கத்து வக்கீல் தீர்ப்பைத் தபாலில் அனுப்பியிருந்தார். அவரிடம் கொடுத்திருந்தது உன் போன் நம்பர். அதைத்தான் அணைத்து வைத்துவிட்டோமே.

தபால் வந்தது உன் கருமாதிக்கு முதல் நாள். நான் கடிதாசிகளை எப்படித் தரம் பிரிப்பேன் என்று உனக்குத் தெரியும். மூலையில் மஞ்சள் இருந்தால் நல்ல காரியம், வீட்டுக்குள் வரும். மஞ்சள் இல்லாமல் கறுப்பு எழுத்து என்றால் வாசலோடு சரி. அந்த உறையையும் மிச்சமிருந்த உன் கருமாதி பத்திரிகைகளோடு சேர்த்து வாசல் ஓட்டுக்கு அடியில் செருகிவிட்டேன்.

ஓடு மாற்ற ஆள் வந்த அன்றைக்குத்தான் அந்தக் கட்டு கீழே விழுந்தது. தங்கச்சி எடுத்துப் படித்தாள்.

"ஐயோ அண்ணே, இது கோர்ட்டுக் காயிதம்!"

"மஞ்சள் தடவலையேம்மா?"

"கோர்ட்ல எவன்ண்ணே மஞ்சள் தடவுவான்?"

பழைய வக்கீல் கையை விரித்தார். மன்னார்புரத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம்.

"ஐயா, அப்பீலுக்கு முப்பது நாள் கெடு. அதுக்கு மேல நாப்பத்தோரு நாள் ஓடிடுச்சு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். ஆனா ஒவ்வொரு நாளும் ஏன் வரலைன்னு காரணம் கேப்பாங்க."

"கேக்கட்டும்மா. நான் சொல்றேன், எழுதிக்குங்க."

சொன்னேன். கெடு முடிந்த மறுநாள் ரேஷன் கடையில் என் விரல் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாம் நாள் அட்டையிலிருந்து உன் பேரை எடுக்கப் போனேன். ஒன்பதாம் நாளிலிருந்து ஆறு நாள் காய்ச்சல். இருபதாம் நாள் கொள்ளிடக் கரை வரை நடந்து போய்த் திரும்பினேன், எதற்கென்றே தெரியாமல்.

குமாஸ்தா சிரித்துவிட்டார். "பெருசு, நேத்து வச்ச கொழம்பே எனக்கு ஞாபகமில்ல!"

"உங்களுக்கு எழுதி வைக்கத் தெரியும் சார். நான் மறந்தா அதோட போச்சு."

கடைசியில் பதினேழு நாள் மிஞ்சியது. "காய்ச்சல் நீடிச்சுதுன்னு போட்டுடலாமா?" என்றார் குமாஸ்தா.

"வேணாம். சும்மா உக்காந்திருந்தேன். அடுப்பு கூட பத்த வைக்கல. அதையே எழுதுங்க."

வக்கீலம்மா குமாஸ்தாவிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு அப்படியே எழுதினார். நீ போன பிறகு சும்மா உட்கார்ந்திருந்தது கோர்ட்டுக்கு ஒரு காரணமாகுமா? ஜட்ஜ் என்ன நினைப்பாரோ, தெரியவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. வாங்கின கடனை இல்லையென்று நான் சொல்லப்போவதில்லை. காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவேன். ஆனால் நீ கையெழுத்துப் போடாத கடனுக்கு உன் வீட்டை விடமாட்டேன். இங்கே தள்ளுபடி ஆனால் மதுரை ஹைகோர்ட்டுக்குப் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வக்கீலம்மா சாட்சி கேட்டார். உறையைப் பிரித்த ஆள் வேண்டுமாம். மனை வாங்கினது உனக்குத்தான் என்று சொல்ல, என்னைத் தவிர அன்றைக்குப் பத்திர ஆபீசில் நின்ற ஆளும் வேண்டுமாம். உன் அப்பா போய்விட்டார். உன் அண்ணனும் போய்விட்டார். பத்திரம் எழுதியவரும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து உயிரோடு இருப்பது ஒரே ஒருத்திதான். கூண்டில் ஏறிச் சொல்கிறேன் என்று திங்கட்கிழமைக்குப் புடவை கூட எடுத்து வைத்துவிட்டாள். இதை எழுதிக்கொண்டிருப்பவள்தான், உன் நாத்தனார் பாக்கியம்.

உன் வீட்டுக்காரன்,
கைநாட்டு.