இறங்குப்பாறைக்கு நாலு விரல்

மே 6, 2024

இன்று மறுபடி வயிற்றில் அடி. வண்டியின் வயிற்றில்தான். இறங்குப்பாறையில் ஆட்களை இறக்கிவிட்டு, ஏறித்தான் பார்ப்போமே என்று வீம்புக்கு முதல் கியரைப் போட்டேன். 'டங்'கென்று பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. எட்டுப் பேர் சேர்ந்து பின்னால் இழுத்தார்கள்.

ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் எல்லா வண்டிக்கும் அதுதான் கடைசி. எல்லாரும் இறங்கியாக வேண்டும், அதனால்தான் அந்தப் பெயர். அங்கிருந்து எங்கள் நெல்லிக்கொல்லைக்கு மூன்று கிலோமீட்டர் நடை. பெரிய ஜீப்புக்கு அந்த இடத்தில் அகலம் போதாது. என் சின்ன ஜிப்சிக்கு உயரம் போதாது.

ஜூன் 9 தங்கை அருணாவின் கல்யாணம், ஜமுனாமரத்தூர் மண்டபத்தில். முட்டி போன அம்மா இரண்டு வருடமாக ஊரைவிட்டு இறங்கவில்லை. டோலி கட்டித் தூக்கிப் போகலாம் என்றால் ஒரே பேச்சு: "டோலியில போறது புள்ளத்தாச்சியும் பொணமும்தான். நான் இன்னா, ரெண்டுல எது?"

பெரிய மகள் வண்டி ஓட்டுகிறாள். சின்ன மகள் கல்யாணத்துக்கு அம்மா வர முடியாது. இது என்ன பிழைப்பு?

மே 8

பாறைக்குப் பக்கத்தில் படுத்து அளந்தேன். நாலு விரல் உயர்ந்தால் போதும். உயரம் ஏற்ற ரெடிமேட் செட் கிடைக்குமாம், ஆனால் அந்த விலைக்குப் பாதி வண்டியே வாங்கிவிடலாம். வேறு வழி பார்க்க வேண்டும்.

ஸ்டாண்டில் இன்னொரு ஜிப்சி ஓட்டும் சுப்பிரமணியிடம் சொல்லியிருக்கக் கூடாது. "குள்ள வண்டிக்கு ஹைஹீல்ஸா, ரேணுகா?" என்றான். ஸ்டாண்டே சிரித்தது. சிரிக்கட்டும்.

மே 11

கண்ணமங்கலம், காசி அண்ணனின் பட்டைக்கடை. லாரிக்கும் டிராக்டருக்கும் ஸ்பிரிங் பட்டை அடுக்கிக் கட்டுகிறவர்.

"இன்னாம்மா வேணும்?"

"நாலு விரல் தூக்கணும்ங்க."

தன் விரலைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். "யாரு வெரலு?"

என் விரல்தான் என்றேன். பாறையை அளந்தது இதுதானே.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் பழைய பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சொருகினார். பட்டையின் நுனியைத் தாங்கும் இரும்பையும் நீளமாகச் செய்து போட்டார். பிரேக் ஹோஸ் எட்டாமல் இழுபட்டது, அதையும் நீளமாக மாற்றினோம். சாயங்காலம் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். நாலு விரல், சுத்தமாக.

மே 12

இது வண்டியா, உரலா? வளைவுக்கு வளைவு இடுப்பைப் பிடுங்குகிறது. பரவாயில்லை. ஏறினால் போதும்.

மே 15

ஏறிவிட்டது. ஒரு சின்ன உரசல்கூட இல்லை. ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு, "பாத்தீங்களா" என்று பின்னால் திரும்பினால் — வண்டியில் ஒருத்தரும் இல்லை.

பாறை வந்தால் வண்டி மெதுவாகும், மெதுவானால் எல்லாரும் குதித்துவிடுவார்கள். அத்தனை வருடப் பழக்கம். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா கீழே நின்று மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார். "நீ ஏறிட்ட இல்ல, போ. நாங்க நடந்து வர்றோம்."

வண்டியைப் பாறைக்குக் கீழே பின்னால் இறக்கி, கெஞ்சி எல்லாரையும் உட்கார வைத்து, மறுபடி பாறைமேல் ஏற்றினேன்.

டங்.

மே 16

காலி வண்டியை அளந்திருக்கிறேன். முட்டாள். காலி வண்டியை யார் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள்? அழுதேன். நாளைக்கு அழவில்லை என்று நானே சொல்லிவிடக் கூடாது, அதனால் எழுதிவைக்கிறேன்.

மே 20

ஆட்கள் உட்காருவது பின்னால். தாழ்வதும் பின்னால். பின்பக்கத்துக்கு மட்டும் இன்னொரு பட்டை வேண்டும். இதற்கா நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்?

இன்னொன்றும் புரிந்தது. காசி அண்ணன் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டார். கீழே இறக்கியதும் பட்டை நுனிக்குள் இருக்கும் ரப்பர் வளையம், அந்தப் புஷ், முறுக்கிக்கொண்டது. அதனால்தான் வண்டி உரலாகிவிட்டது. ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

போன் செய்து சொன்னேன். "எங்கிட்ட வர்ற வண்டியெல்லாம் காலியாத்தாம்மா வருது" என்றார். அப்புறம், "ஸ்பானரோட நானே வர்றேன்."

மே 25

பாறைக்குக் கீழே, சமதரையில் வேலை. பின்பட்டை ஏற்றியதும் எட்டுப் பேரை உள்ளே உட்கார வைத்து, நானும் காசி அண்ணனும் அடியில் நுழைந்தோம். மேலே ஊர்க்கதை ஓடிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு அக்கா சிரித்தால் வண்டி ஆடும், போல்ட்டிலிருந்து ஸ்பானர் நழுவும்.

"ஏண்டி, எங்கள ஒக்கார வச்சிட்டு கீழ இன்னாதான் பண்ற?"

"உங்க எடைக்கு வண்டி தைக்கிறேன்க்கா. ஆடாம இருங்க."

முடித்து அளந்தபோது எட்டுப் பேரோடு நாலு விரல். காசி அண்ணன் தன் விரலை வைத்தும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இனி ஆள் ஏற்றாமல் எந்த வண்டியையும் இறுக்க மாட்டாராம்.

மே 29

பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டினேன், எவரும் குதிக்க முடியாதபடி. பாறை வந்ததும் எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். "ஒக்காருங்க" என்று ஒரே அதட்டு. முதல் கியர். வண்டி பின்னால் சாய்ந்தது, யாரோ முருகா என்றார்கள், தாண்டிவிட்டோம். அடியில் சத்தமே இல்லை.

வீட்டு வாசல் வரை போய் ஹாரன் அடித்தேன். வேண்டுமென்றே நீளமாக. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னாமே, வூட்டாண்டயே வண்டி கத்துது?" என்றாள். இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போது இருந்தது? தெரியவில்லை.

ஜூன் 2

டீ குடித்துவிட்டு வந்தேன். சுப்பிரமணி என் வண்டிக்கு அடியில் கையை விட்டு விரல் வைத்து அளந்துகொண்டிருந்தான். "செருப்பு சைஸு பாக்கிறியா?" என்று கேட்டேன். காசி அண்ணனின் நம்பர் கேட்டான். கொடுத்தேன், சிரிக்காமல்.

ஜூன் 8

அம்மா முன்சீட்டில். பட்டுப்புடவை, மடியில் கைத்தடி. சம்பந்தி வீட்டார் எடுத்த கூரைப்புடவைக் கலரைத் திட்ட ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நான் மெதுவாக ஓட்டினேன்.

சோளக்கொல்லை தாண்டி தார்ச்சாலை வந்தபோது சட்டென்று தடியைக் கையில் எடுத்தாள்.

"எறங்குப்பாற வந்தா மொதல்லயே சொல்லுமே. முட்டிய மடக்கி எறங்க நேரமாவும்."

"அது போயி அரைமணி ஆச்சும்மா."

திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்போ நான் எங்கதான் எறங்கறது?"

"மண்டபத்துல."

அம்மா தடியைப் பின்சீட்டில் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். விட்ட இடத்திலிருந்து புடவையைத் திட்ட ஆரம்பித்தாள்.